சோதனைக்கு அப்புறம்: பந்தலூர் நாட்குறிப்பு

ஜனவரி 31, 2025, வெள்ளி

நீலகிரியில் அய்யங்கொல்லிப் பக்கம் சிக்கிள் செல் பரிசோதனை முகாம். காபி பறிப்புக் காலத்தில் பகலில் ஆதிவாசிக் காலனியில் ஆள் இருக்க மாட்டார்கள் என்று காலை ஏழரைக்கே போய்விட்டோம். அப்படியும் நாற்பது பேரை எதிர்பார்த்த இடத்தில் பதினேழு பேர்தான். மற்றவர்கள் அதற்கு முன்பே ஜீப் ஏறிவிட்டார்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு விரலில் குத்திக்கொள்ள வா என்று யாரிடம் போய்ச் சொல்வது?

சிக்கிள் செல் என்பது பரம்பரையாக வரும் ரத்த நோய், சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்துவிடும். அதற்கான சோதனை சுலபம்தான். விரல் நுனியில் ஒரு குத்து, கொஞ்சம் ரத்தம். கரைசல் உள்ள குழாயில் அதைவிட்டுக் குலுக்கி ஐந்து நிமிஷம் வைக்க வேண்டும். பிறகு கறுப்புக் கோடு போட்ட அட்டைக்கு முன்னால் குழாயைப் பிடித்துப் பார்க்க வேண்டும். குழாய் வழியாகக் கோடு பளிச்சென்று தெரிந்தால் பயமில்லை. கலங்கிப்போய்க் கோடு மறைந்துவிட்டால், கேரியரா (நோய் இல்லாமல் அதன் மரபணுவை மட்டும் சுமப்பவரா) நோயாளியா என்று தெரிந்துகொள்ள மறுபடி ரத்தம் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். இன்று பதினேழில் மூன்று குழாய்களில் கோடு தெரியவில்லை. மூன்றில் ஒன்று, சீக்கிரமே கல்யாணம் வைத்திருக்கும் ஒரு பெண்ணுடையது. குழாயைத் தானே வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

திரும்பும் வழியில் டீக்கடையில் மலையாளச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. பட்ஜெட் கூட்டத்தொடர் தொடங்கியிருக்கிறது, குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு இரு அவைகளுக்கும் சேர்த்து உரையாற்றினார். எனக்கு இந்தி வராது. சாயங்காலம் தமிழில் வந்ததைப் போனில் தேடிப் படித்தேன். டிசம்பரில் மறைந்த மன்மோகன் சிங்குக்கு அஞ்சலி, கும்பமேளா நெரிசலில் இறந்தவர்களுக்கு இரங்கல், எட்டாவது ஊதியக் குழு, ஒரே நாடு ஒரே தேர்தல், வக்ஃப் திருத்தம் என்று வரிசையாகப் போகிறது. பழங்குடியினருக்கான 24,000 கோடி ரூபாய் பி.எம். ஜன்மன் திட்டம் வருகிறது. அடுத்து எங்கள் வேலையும் வந்துவிட்டது. சிக்கிள் செல் இயக்கத்தில் ஏறக்குறைய 5 கோடி பேருக்குப் பரிசோதனை முடிந்திருக்கிறதாம்.

அந்த வரியை இரண்டு முறை படித்தேன். ஒடிசாவின் மயூர்பஞ்சில் ஒரு சந்தால் குடும்பத்தில் பிறந்த பெண், நாடாளுமன்றத்தில் நின்று இந்த நோயைப் பற்றிப் பேசுகிறார். 1952ல் நம் நீலகிரி ஆதிவாசிகளின் ரத்தத்தில்தான் இந்த அரிவாள் வடிவ அணுக்களை ஆய்வாளர்கள் கண்டார்கள். அசாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடம் கண்டதும் அதே ஆண்டில்தான். அதற்கான தேசிய இயக்கம் 2023 ஜூலை 1ஆம் தேதிதான் மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தொடங்கியது. நடுவில் எழுபத்தோரு வருஷம். தாமதமாக வந்தாலும் வந்ததே என்ற சந்தோஷத்தில்தான் இருந்தேன்.

ராத்திரிச் செய்தியில் உரையையே காணோம். உரை முடிந்து வெளியே வந்த சோனியா காந்தி, குடியரசுத் தலைவர் கடைசியில் மிகவும் களைத்துவிட்டார், பேசவே முடியவில்லை, பாவம் என்று சொல்லியிருக்கிறார். எல்லாச் சேனலிலும் அதுதான். அவர் எந்தக் கட்டத்திலும் களைப்படையவில்லை என்று குடியரசுத் தலைவர் மாளிகையே அறிக்கை விட்டது. டெல்லித் தேர்தல் கூட்டத்தில் பிரதமரும் கண்டித்தார். ஒரு மணி நேரம் வாசித்தவரைப் பற்றி அம்மா அக்கறையோடு சொன்னது அது என்று பிரியங்கா விளக்கம் சொன்னார்.

பாவம் என்ற சொல்லை நாங்கள் ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்கிறோம். பிள்ளை காய்ச்சலில் படுத்தால் பாவம், மாடு நனைந்தால் பாவம். பாசம்தான். ஆனால் ஆதிவாசிகளைப் பார்த்து அதைச் சொல்கிறவர்கள் எந்த இடத்தில் நின்றுகொண்டு சொல்கிறார்கள் என்பதை இருபது வருஷமாகப் பார்த்துவருகிறேன். "பாவம், இவங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்று ஆரம்பிப்பார்கள், அந்த ஆளிடம் எதையும் கேட்காமலே முடிவு எடுத்துவிடுவார்கள். சோனியா காந்தி கெட்ட எண்ணத்தில் சொன்னதாக நான் நினைக்கவில்லை. ஆனாலும் அந்தச் சொல்லை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

பிப்ரவரி 1, சனி

பட்ஜெட். 12 லட்சம் ரூபாய் வரை வருமான வரி கிடையாதாம். ஆபீஸில் இரண்டு பேருக்கு முகம் மலர்ந்தது. எங்கள் காலனிகளில் இதைப் பற்றிப் பேச யாரும் இல்லை. ரத்தக் குப்பிகளைக் கூடலூர் பஸ்ஸில் அனுப்பினேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

இங்கே தமிழ்ச் செய்தி பாதி, மலையாளச் செய்தி பாதி. இன்று மலையாளத்தில் முழுக்க ஒரே பேச்சு. மத்திய இணையமைச்சர் சுரேஷ் கோபி, பழங்குடியினர் நலத்துறையை உயர்சாதிக்காரர் ஒருவரிடம் கொடுத்தால்தான் முன்னேற்றம் வரும் என்று டெல்லியில் பேசியிருக்கிறார். எதிர்ப்பு கிளம்பியதும் அன்றைக்கே திரும்பப் பெற்றுக்கொண்டார். ஒரு சந்தால் பெண் நாட்டின் முதல் குடிமகளாக நின்று உரை நிகழ்த்தி இரண்டு நாள்கூட ஆகவில்லை.

எனக்குக் கோபம்தான் வந்தது. பாவம் என்று சொன்னதற்கு வெள்ளிக்கிழமை கொதித்தவர்களில் எத்தனை பேர் இதற்கும் கொதித்தார்கள் என்று பார்த்தேன். இதற்குக் கொதிக்கிறவர்களில் எத்தனை பேர் அதற்குக் கொதித்தார்கள் என்றும் பார்த்தேன். மானம் என்றால் கட்சி பார்க்கக்கூடாது.

பிப்ரவரி 3, திங்கள்

மக்களவையில் குடியரசுத் தலைவர் உரைக்கு நன்றி தெரிவிக்கும் தீர்மானத்தின் மீது விவாதம். ராகுல் காந்தி பேசியதை மத்தியானம் தமிழ்த் துணுக்குகளாகப் பார்த்தேன். சென்ற முறையும் அதற்கு முந்தைய முறையும் கேட்ட அதே உரைதான், கவனித்துக் கேட்கவே சிரமப்பட்டேன் என்றார். வேலையில்லாத் திண்டாட்டத்துக்கு காங்கிரஸ் கூட்டணி அரசும் சரி, இன்றைய அரசும் சரி, இளைஞர்களுக்குத் தெளிவான பதில் தரவில்லை என்று ஒப்புக்கொண்டார். தங்கள் ஆட்சியையும் சேர்த்துச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. மேக் இன் இந்தியா நல்ல யோசனை, ஆனால் தோற்றுவிட்டது, 2014ல் பொருளாதாரத்தில் 15.3 சதவீதமாக இருந்த உற்பத்தித் துறையின் பங்கு 12.6க்கு இறங்கிவிட்டது என்றார். அப்புறம் சீனா, மகாராஷ்டிர வாக்காளர் பட்டியல். தாங்கள் ஆட்சியில் இருந்தால் இந்த உரை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன் என்றும் பேசினார்.

அந்த இடத்தில்தான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மாற்று உரை என்றால், அந்த 5 கோடியின் அடுத்த வரி, சோதனைக்கு அப்புறம் என்ன என்பது, அதில் இருக்குமா? நான் கேட்ட வரையில் இல்லை.

மாலையில் சேரம்பாடிப் பக்கம் ஒரு பையனைப் பார்க்கப் போனேன். பத்தொன்பது வயது. கேரியர் அல்ல, முழு நோய். நமக்கு ஒரு சிவப்பணு 120 நாள் உயிரோடு இருக்கும், இவனுக்குப் பத்து இருபது நாள்தான். குளிர் கூடினால் அணுக்கள் வளைந்து நாளத்தை அடைத்துக்கொள்ளும், எலும்புக்குள் ஆணி அடிப்பதுபோல் வலிக்கும். போன வருஷம் அப்படி உருண்டு துடித்தவனை, குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று சொல்லி ஓர் ஆஸ்பத்திரியில் ஒரு ஊசி போட்டுத் திருப்பி அனுப்பினார்கள். அவன் குடிக்கிறவனே இல்லை. இன்று அவன் அம்மா, "சிஸ்டர், மாத்திரை தீந்து நாலு நாளாச்சு" என்றார். ஹைட்ராக்ஸியூரியா. விடாமல் தினமும் சாப்பிட்டால்தான் வலி வருவது குறையும். எங்களிடம் இருப்பு இல்லை, கூடலூரில் கேட்டிருக்கிறேன் என்று சொன்னேன். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் சிக்கிள் செல் நோயும் சேர்க்கப்பட்டிருக்கிறது. சான்றிதழுக்காக அவனை ஜனவரியில் ஊட்டிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக்கிடக்கிற மாதம். குளிர்தான் இவனுக்கு எமன். அந்தக் குளிருக்குள்ளேயே நடுவட்டம் வழியாக ஏறி வந்து நீ நோயாளி என்று நிரூபி என்கிறோம். அவன் போகவில்லை. நானும் போகச் சொல்லவில்லை.

பிப்ரவரி 4, செவ்வாய்

பிரதமர் பதிலுரை. 25 கோடிப் பேர் வறுமையிலிருந்து மீண்டார்கள், 4 கோடி வீடுகள், 12 கோடிக்கு மேல் கழிப்பறைகள். ஏழைகளின் குடிசையில் புகைப்படம் எடுத்துக்கொள்கிறவர்களுக்கு நாடாளுமன்றத்தில் ஏழைகளைப் பற்றிய பேச்சு சலிப்பாகத்தான் இருக்கும் என்றார். குடியரசுத் தலைவர் அவமதிக்கப்படுவதாகவும் வருத்தப்பட்டார். அகிலேஷ் யாதவ் கும்பமேளாவில் இறந்தவர்களின் கணக்கை அவையில் வை என்று கேட்டார். அது சரியான கேள்வி. எதையும் மறைக்காமல் எண்ணிச் சொல் என்பதுதானே. இரவு குரல் வாக்கெடுப்பில் தீர்மானம் நிறைவேறியது.

இந்த உரையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், பலருக்கும் குழப்பம் இருக்கிறது. அதில் குடியரசுத் தலைவர் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் அமைச்சரவை எழுதிக் கொடுத்தது. உரையாற்றுவது அரசியலமைப்பின் 87ஆம் பிரிவு சொல்லும் கடமை. "எனது அரசு" என்று அவர் வாசிக்கிறார், பதில் சொல்ல வேண்டியது அரசு. நம் சட்டசபையிலும் இதே முறைதான். கடந்த ஜனவரி 6ஆம் தேதி ஆளுநர் ரவி உரையை வாசிக்காமலே வெளியேறினார், சபாநாயகர் அப்பாவு தமிழில் வாசித்தார். வாசிப்பவர் யார் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தால், எழுதப்பட்டது என்ன என்று கேட்க ஆள் இல்லாமல் போய்விடுகிறது. பிரதமர் அவருடைய மரியாதையைப் பேசினார், எதிர்க்கட்சி சலிப்பைப் பேசியது. உரையில் இருந்த ஆதிவாசிகள் இரண்டு பேச்சுக்கும் நடுவில் விழுந்துவிட்டார்கள்.

எதிர்க்கட்சி கையில் ஆயுதம் இல்லாமல் இல்லை. இந்தத் தீர்மானத்துக்கு உறுப்பினர்கள் திருத்தம் கொடுக்கலாம். "ஆனால் இன்னது உரையில் இல்லாததற்கு வருந்துகிறோம்" என்று கடைசியில் ஒரு வாக்கியம் சேர்க்கக் கேட்பது. மக்களவையில் பெரும்பான்மை இருக்கிற அரசு அதைத் தோற்கடித்துவிடும். ஆனால் 2015ல் மாநிலங்களவையில் கறுப்புப் பணம் பற்றி சீதாராம் யெச்சூரி கொடுத்த திருத்தம் ஜெயித்தது. அடுத்த ஆண்டும் ஒரு திருத்தம் ஜெயித்தது. தோற்றாலும் அவைக் குறிப்பில் இருக்கும்.

எனக்கு ஒரு திருத்தம் கொடுக்கும் உரிமை இருந்தால் இப்படி எழுதுவேன்: "ஆனால், பரிசோதனையில் நோய் கண்டறியப்பட்டவர்களில் எத்தனை பேருக்கு மாத்திரை மாதந்தோறும் தடையில்லாமல் கிடைக்கிறது, எத்தனை பேருக்கு ஊர் அருகிலேயே சான்றிதழ் தரப்பட்டது என்பது உரையில் இல்லாததற்கு வருந்துகிறோம்." இவ்வளவுதான். திட்டத்தின் இலக்கு மூன்று ஆண்டுகளில், 17 மாநிலங்களில், நாற்பது வயது வரையுள்ள 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பது. 2047க்குள் நோயை ஒழிப்பது. குத்தி எண்ணிக்கொண்டே போனால் 7 கோடியைத் தொட்டுவிடலாம். மாத்திரை போய்ச் சேராமல் ஒழிப்பது எப்படி?

நம் தொகுதி உறுப்பினர் தி.மு.க.வின் ஆ.ராசா. அவரிடம் தோற்ற எல்.முருகன் மாநிலங்களவையில் இருக்கிறார், இணையமைச்சராகவும் இருக்கிறார். அந்த அவையிலும் இந்த அவையிலுமாக இரண்டு பேருக்கு இந்த மலை தெரியும். தமிழ்நாட்டில் மிகவும் நலிந்த பழங்குடிகள் என்று அரசு வகைப்படுத்தியிருக்கும் ஆறு சமூகங்களும், தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர், இந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் கடிதம் எழுதி இந்தத் திருத்தத்தை அப்படியே வைத்திருக்கிறேன். தபாலில் நாளைக்குப் போகும்.

பிப்ரவரி 6, வியாழன்

மாநிலங்களவையில் பிரதமர் பதில். அமெரிக்கா 104 இந்தியர்களை விலங்கு மாட்டி அனுப்பியதைப் பற்றிப் பகலெல்லாம் இரு அவைகளிலும் அமளி. அதுவும் நியாயமான கோபம்தான். உரை இதோடு பழைய செய்தியாகிவிட்டது.

கல்யாணப் பெண்ணின் ரத்த முடிவு வந்தது. கேரியர். அவளுக்கு நோய் இல்லை. மாப்பிள்ளையும் கேரியர் என்றால் ஒவ்வொரு பிரசவத்திலும் பிள்ளைக்கு முழு நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. மாப்பிள்ளையை அழைத்துவரச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் ஊர்த் தலைவர் மூப்பனிடமும் பேசினேன். கல்யாணத்தை நிறுத்தச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார். அப்படி இல்லை அண்ணா, தெரிந்துகொண்டு கட்டட்டும் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, சரி, பையன் வருவான் என்றார்.

பிப்ரவரி 8, சனி

யானைப் பயத்தில் ஐந்தரைக்கெல்லாம் காலனியைவிட்டு இறங்கிவிடுவோம். இன்று மாப்பிள்ளைப் பையன் தோட்டத்திலிருந்து ஓடிவந்து சேரவே ஐந்தே கால் ஆகிவிட்டது. கையெல்லாம் காபிப் பழச் சாறு, பிசுபிசுவென்று ஒட்டியது. கழுவிவிட்டுக் குத்தினேன். ஐந்து நிமிஷம் அந்தப் பெண் திண்ணையில் உட்கார்ந்து என் கையிலிருந்த குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அட்டையை அவளிடமே கொடுத்துப் பிடிக்கச் சொன்னேன்.

"கோடு தெரியுது சிஸ்டர்."

எனக்கும் தெரிந்தது. பிள்ளைக்கு நோய் வராது, கேரியராக இருந்தாலும் இருக்கலாம், அதை அப்போது சோதித்துக்கொள்ளலாம் என்று இருவருக்கும் விளக்கிச் சொன்னேன். பதிவேட்டில் பையன் பெயரை எழுதினேன். டிவியில் சொன்னார்களே அந்த 5 கோடி, அதில் நாங்களும் உண்டா என்று அவள் கேட்டாள். அந்தக் கணக்கு முன்னாடியே எடுத்தது, அடுத்த கணக்கில் வருவீர்கள் என்றேன்.

கூடலூரிலிருந்து போன் வந்தது. ஹைட்ராக்ஸியூரியா வந்துவிட்டது, ஒரு மாதத்துக்கு மட்டும். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் போய் வாங்கி, அப்படியே சேரம்பாடிக்குப் போய்க் கொடுத்துவிட வேண்டும்.