எல்.எல்.ஆர். தேர்வில் என்னைத் தடுத்த நீலப் பலகைகள்

எல்.எல்.ஆர். எனப்படும் பழகுநர் உரிமத்துக்கான தேர்வில், வழியையும் வசதிகளையும் காட்டும் சாலைப் பலகைகளான தகவல் சின்னங்கள் வராது என்று யார் சொன்னாலும் தயவுசெய்து நம்ப வேண்டாம். எனக்கு அதைச் சொன்னவர், முழுக் கட்டணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்ட ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக்காரர். “சிவப்பு வட்டத்தையும் முக்கோணத்தையும் பாத்துக்குங்க மேடம், நீல போர்டெல்லாம் கேக்க மாட்டாங்க” என்று சொல்லி, பல கை மாறிய ஒரு ஜெராக்ஸ் தாளைக் கொடுத்தார். விண்ணப்பம், ஆதார், கட்டணம், ஸ்லாட் எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. ஆனால் கணினியின் முன் உட்கார்ந்தபோது அடுத்தடுத்து வந்தவை அந்த நீலப் பலகைகள்தாம். தேர்ச்சிக்கு 60 சதவீதம் வேண்டும். எனக்கு அது கிடைக்கவில்லை.

அந்த ஜெராக்ஸ் தாளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். மேலே செல்ல வழியில்லாத முட்டுச் சந்தைக் குறிக்கும் பலகையில், நீலப் பின்னணியில் வெள்ளைக் கோடு ஒன்று மேலேறி, அதன் உச்சியில் சிவப்புப் பட்டை குறுக்கே நிற்கும். கருப்பு வெள்ளை நகலில் நீலமும் கருப்பாகிவிடுகிறது, சிவப்பும் கருப்பாகிவிடுகிறது. ஆகவே குறுக்குப் பட்டையே காணாமல் போய், வெறும் வெள்ளைக் கோடு மட்டும் மிஞ்சுகிறது. அதைப் பார்த்துப் படித்தவருக்குத் திரையில் வண்ணத்தில் வரும் படம் புதிய படமாகத்தான் தெரியும். சாலை விதிகளைக் கற்பிப்பதற்கென்றே தொழில் நடத்துகிறவர்கள் ஒரு வண்ண அச்சுக்குச் செலவழிக்கத் தயங்குவது எனக்கு இன்னமும் ஆறவில்லை.

வெளியே வந்து, எந்தப் புத்தகத்தைப் படிக்கலாம் என்று அலுவலக ஊழியரிடம் கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்க்காமலே, “சுவத்துல சார்ட் இருக்கு, பாத்துக்குங்க” என்றார். சார்ட் இருந்தது உண்மைதான். ஆனால் கட்டாயச் சின்னங்கள் மேலேயும், எச்சரிக்கைச் சின்னங்கள் நடுவிலும், தகவல் சின்னங்கள் அடிவரிசையிலும் அச்சிடப்பட்டிருந்த அந்த சார்ட்டின் கீழ்ப்பகுதியை ஓர் இரும்பு பீரோ முழுமையாக மறைத்திருந்தது.

பிறகு ஓட்டுநர் உரிமத்துக்கான அரசின் சாரதி இணையதளத்தில் உள்ள மாதிரித் தேர்வையும், கடையில் வாங்கிய வண்ணப் புத்தகத்தையும் வைத்து நானே படித்தேன். நிறத்தை மட்டும் பிடித்துக்கொண்டால் நிச்சயம் குழம்புவோம் என்பது அப்போதுதான் விளங்கியது. நீலம் என்றாலே தகவல் அல்ல. நீல வட்டத்துக்குள் அம்புக்குறி இருந்தால் அது கட்டாயம் கடைப்பிடிக்க வேண்டிய உத்தரவு. வாகனம் நிறுத்தக் கூடாது என்னும் பலகையும் சிவப்பு விளிம்புள்ள நீல வட்டம்தான். வாகனம் நிறுத்தலாம் என்று காட்டும் பலகையோ நீலச் சதுரம். ஆகவே முதலில் வடிவம், அடுத்து நிறம், கடைசியாக உள்ளே இருக்கும் படம் என்ற வரிசையில் பாருங்கள். வட்டம் உத்தரவு, முக்கோணம் எச்சரிக்கை, சதுரமும் செவ்வகமும் தகவல். எண்கோண வடிவ ‘நில்’ பலகையும், வழிவிடச் சொல்லும் தலைகீழ் முக்கோணமும் இந்தக் கணக்கில் அடங்காத உத்தரவுகள் என்பதையும் சேர்த்து நினைவில் வைக்க வேண்டும்.

ஏமாற்றும் இணைகள் சில உண்டு. சிவப்புக் கூட்டல் குறி மட்டும் இருந்தால் முதலுதவி நிலையம். கட்டிலும் சேர்ந்திருந்தால் மருத்துவமனை. முள்கரண்டி இருந்தால் உணவகம், கோப்பை இருந்தால் சிற்றுண்டி. முட்டுச் சந்தில் இரண்டு வகை: நேர்ச் சாலையே முடிந்துவிடுவது ஒன்று, கிளைச் சாலை மட்டும் முடிவது மற்றொன்று, சிவப்புப் பட்டை எந்தக் கோட்டின் முனையில் இருக்கிறது என்பதை மட்டும் பார்த்தால் போதும்.

வெள்ள அளவுகோலைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். மழைக்காலத்தில் தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் எவ்வளவு ஓடுகிறது என்பதைக் காட்டுவதற்காகவே அது நடப்படுகிறது. அதைப் பார்க்கத் தெரியாமல் வண்டியை இறக்குகிறவரின் உயிருக்கே ஆபத்து என்னும்போது, அதை ‘சும்மா தகவல்’ என்று எப்படித் தள்ளிவிட முடியும்?

ஊர்ப் பெயரும் தூரமும் தாங்கிய திசைப் பலகைகளைப் புத்தகத்தில் படிப்பதைவிட, பேருந்தில் போகும்போது பார்த்துப் பழகுவது எளிது. சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் சந்திப்புக்கு முன்னால் வழி காட்டும் பச்சைப் பலகை ஒன்று வரும். சந்திப்பைத் தாண்டியபின் விழுப்புரம், திருச்சி என்று தூரங்களை வரிசையாகக் காட்டி, சரியான சாலையில்தான் போகிறோம் என்று உறுதிப்படுத்தும் பலகை வேறொன்று. இரண்டின் வேலையும் வேறு வேறு. கிலோமீட்டர் கல்லின் தலையில் மஞ்சள் இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை இருந்தால் மாநில நெடுஞ்சாலை என்பதும் இப்படியே மனத்தில் பதிந்துவிடும்.

மறுதேர்வுக்குக் கட்டணத்தை மீண்டும் கட்டி உட்கார்ந்தபோது, முட்டுச் சந்துப் படம்தான் முதலில் வந்தது. அந்தச் சிவப்புப் பட்டையைக் கண்டதும் எனக்கு உண்டான மகிழ்ச்சியை வேறு யாரிடம் சொன்னாலும் புரியாது. பழகுநர் உரிமம் அன்றே கிடைத்துவிட்டது. அது ஆறு மாதம் செல்லும். 30 நாள் கழித்து ஓட்டுநர் தேர்வுக்குப் போகலாம். இனி பயிற்சிப் பள்ளியில் சேரப் போகிறவர்கள், பணம் கட்டுவதற்கு முன் அவர்களிடம் இருக்கும் சின்னங்களின் தாளை வாங்கிப் பாருங்கள். அது வண்ணத்தில் இல்லையென்றால் வேறு பள்ளியைத் தேடிக்கொள்ளுங்கள்.