கணக்கில் வராத 94

மே 8

காலை ஒன்பதுக்கு பிளஸ் டூ ரிசல்ட். எட்டரைக்கே கடையில் கூட்டம். குடியாத்தத்தில் பதினோரு வருஷமாக நெட் சென்டர் வைத்திருக்கிறேன். இந்தத் தெருப் பிள்ளைகளில் பாதிப் பேரின் மார்க்கை அவர்களுக்கு முன்னால் பார்த்தவன் நான். இன்றைக்குத்தான் பதிவெண்ணைத் தட்டும்போது விரல் தடுமாறியது. என் பையனுடைய எண்.

கணக்கு 68, இயற்பியல் 72, வேதியியல் 69, கணினி அறிவியல் 94.

கணக்கு மார்க்கை அப்படியே எடுத்து, மற்ற இரண்டையும் பாதியாக்கிக் கூட்டினால் 200க்கு 138.5. பொறியியல் சேர்க்கைக்கு அவ்வளவுதான் கட்-ஆஃப். கம்ப்யூட்டர் இன்ஜினியரிங், அதாவது சி.எஸ்.இ. படிக்கத்தான் போகிறான், ஆனால் கம்ப்யூட்டரில் வாங்கிய 94 அதில் சேராது. இரண்டு பேர் ஒரே கட்-ஆஃபில் நின்று, கணக்கிலும் இயற்பியலிலும் கூடச் சமமாக இருந்தால்தான் அந்த மார்க்கை எட்டிப் பார்ப்பார்கள். எத்தனையோ பெற்றோருக்கு இதை நானே பொறுமையாக விளக்கியிருக்கிறேன். இன்று எனக்கே அநியாயமாகப் பட்டது.

"இன்னா நைனா, கம்மியா?" என்றான் பையன்.

"பரவால்லடா" என்றேன். அதற்குள் அடுத்த பிள்ளை பதிவெண் சீட்டை நீட்டிவிட்டது.

மே 10

பொறியியல் கல்லூரியில் சேரச் சொல்லி இரண்டு நாளில் ஒன்பது போன். நம்பர் எப்படித்தான் கிடைக்கிறதோ! ஒரு அம்மா, "சார், சி.எஸ்.இ.ல நாலே நாலு சீட்டுதான் பாக்கி, இன்னிக்கே அட்வான்ஸ் போட்டா பிளாக் பண்ணிடலாம்" என்றார். கவுன்சலிங்குக்கு விண்ணப்பமே இன்னும் முடியவில்லை, அதற்குள் நாலு சீட்டு பாக்கியாம். எல்லாம் கவுன்சலிங் இல்லாமல் கல்லூரியே நேராகத் தரும் மேனேஜ்மென்ட் சீட்டு. வைத்துவிட்டேன்.

மே 15

வைகாசி ஒன்று, கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, அம்மன் தலையை ஊர்வலமாக எடுத்துவரும் நாள். கடைக்கு லீவு. தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலில் இருந்து சிரசு புறப்பட்டதும் நாங்களும் கூட்டத்தோடு நடந்தோம். வீட்டில் பதினெட்டு பேருக்குச் சாப்பாடு. அம்மனைப் பற்றிப் பேசியவர்களைவிடப் பையன் மார்க்கைப் பற்றிப் பேசியவர்கள்தான் அதிகம்.

பெங்களூரில் வேலை பார்க்கும் மச்சான், "மாமா, சும்மா சி.எஸ்.இ. போடாதீங்க, ஏ.ஐ. அண்டு டேட்டா சயின்ஸ் போடுங்க" என்றான். கல்லூரி எது என்று அவன் கேட்கவே இல்லை. பெயர்ப் பலகை புதுசாக இருந்தால் உள்ளே வாத்தியாரும் புதுசாக முளைத்துவிடுவாரா?

மாமியாருக்கு வேறு கவலை. "காட்பாடியில அவ்ளோ பெரிய காலேஜ் இருக்குதே, அதுல கேட்டுப் பாக்கலாமில்ல?" வி.ஐ.டி.யைச் சொல்கிறார். 1984இல் வேலூர் இன்ஜினியரிங் காலேஜ் என்று தொடங்கிய காலத்திலேயே அவர் மனதில் நின்றுவிட்டது. இப்போது அதற்குத் தனி நுழைவுத் தேர்வு, ரேங்க் இறங்க இறங்கக் கட்டணம் ஏறும், அரசு கவுன்சலிங்கில் வராது என்றேன். "நம்மூருக்குப் பக்கத்துல இருந்தும் நமக்கில்லையா?" என்றார். பதில் தெரியாமல் வடையை எடுத்து வைத்தேன்.

என்னை உறுத்துவது வேறு. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பொறியியலில் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு, கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. ஆனால் ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். இவனை இங்கிலீஷ் மீடியம் ஆசையில் எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் வைத்திருந்து, ஃபீஸ் கட்ட முடியாமல் ஒன்பதாவதில்தான் அரசுப் பள்ளிக்கு மாற்றினேன். ஆறிலிருந்து எட்டு வரை மூன்று வருஷம் கட்டிய ஃபீஸுக்கு இப்போது மறுபடியும் ஒரு விலை.

மே 24

டி.என்.இ.ஏ., அதாவது அரசின் பொறியியல் கவுன்சலிங்குக்கு விண்ணப்பம் போட்டாயிற்று, 500 ரூபாய். கூடவே அரசு கலைக் கல்லூரிக்கும் ஒன்று. அதற்கு ஐம்பது ரூபாய்தான்.

முதல் பட்டதாரிச் சான்றிதழும் வந்துவிட்டது. பி.காம். இரண்டாம் வருஷத்தோடு நின்றவன் நான். அப்பாவின் தறி நின்றுபோய் வீட்டில் கைச்செலவுக்கே வழியில்லாத சமயம் அது. நான் பட்டம் வாங்காததில் ஒரு லாபம் உண்டென்றால் இவனுக்குக் கிடைக்கப் போகும் கட்டணச் சலுகைதான்.

ஜூன் 1

ஒரு பொறியியல் கல்லூரியைப் பார்க்கப் போனோம். பெயர் வேண்டாம், இந்தப் பக்கம்தான். அரைமணி நேரப் பஸ். வாசலில் நீரூற்று, வரவேற்பறையில் ஏ.சி., கையில் ஜூஸ். பையன் லேப் பார்க்கணும் என்றான். சாவி வேறொருவரிடம் இருக்கிறது, உட்காருங்கள் என்றார்கள். முக்கால் மணி நேரம் கழித்துத் திறந்தபோது மானிட்டர்கள் மேல் போட்ட பிளாஸ்டிக் உறையில் தூசி. ஒன்றை ஆன் பண்ணச் சொன்னேன். கரண்ட் இல்லை என்றார்கள். தலைக்கு மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அண்ணா பல்கலைக்கழகம் கல்லூரிவாரியாக வெளியிடும் தேர்ச்சி விழுக்காட்டுப் பட்டியலைப் பிரிண்ட் எடுத்தேன். அந்தக் கல்லூரியில் பரீட்சை எழுதியவர்களில் பாதிப் பேர்கூடத் தேறவில்லை. கட்-ஆஃப் கம்மியாக இருக்கும் பிள்ளைக்குக் கல்லூரி தேடுகிறவர்கள் நீரூற்றைப் பார்ப்பதற்கு முன் இந்தப் பட்டியலைத்தான் பார்க்க வேண்டும். கேம்பஸுக்கு வரும் கம்பெனிகளில் பல 60 விழுக்காடு கேட்கும், அரியர் நிற்கக் கூடாது என்றும் சொல்லும். பாதி வகுப்பு அரியரோடு நிற்கும் இடத்துக்கு எந்தக் கம்பெனி வந்து என்ன?

ஜூன் 9

அரசினர் திருமகள் ஆலைக் கல்லூரியில் பி.எஸ்.சி. கணினி அறிவியல் கிடைத்துவிட்டது. இங்கே மொழிப் பாடங்கள் போக நாலு பாடத்தையும் கூட்டுகிறார்கள், 400க்கு 303. கவுன்சலிங்கில் உட்கார்ந்திருந்தபோது பையன் குனிந்து, "நைனா, இங்க 94ஐ எண்ணுறாங்க" என்றான்.

சேர்த்துவிட்டோம். வருஷத்துக்குச் சில ஆயிரம்தான். வீட்டுக்காரிக்கு முகம் வாடியது. "இன்ஜினியர்னு சொல்ல முடியாதே." பொறியியல் வந்தால் மாற்றிக்கொள்ளலாம் என்றேன்.

ஜூன் 27

பொறியியல் ரேங்க் பட்டியல். 138.5க்குக் கவுன்சலிங்கில் மூன்றாம் சுற்றுதான். பாகாயம் தந்தை பெரியார் அரசு தொழில்நுட்பக் கல்லூரியில் சி.எஸ்.இ. அதற்கு முன்பே போய்விடும், பழைய வருஷங்களின் கடைசிக் கட்-ஆஃபைப் பார்த்தாலே தெரியும்.

ஜூலை 19

ரெஸ்யூமே பிரிண்ட் எடுக்க ஒரு பெண் வந்தாள். வேலூரில் பி.எஸ்.சி., அப்புறம் டான்செட் நுழைவுத் தேர்வு எழுதி எம்.சி.ஏ. அது இப்போது இரண்டே வருஷம்தான். மொத்தம் ஐந்து வருஷம், பி.இ.யைவிட ஒரு வருஷம் அதிகம். "அண்ணா, எனக்கும் கட்-ஆஃப் கம்மிதான். ஆனா அரியரே வெச்சதில்ல" என்றாள். நாலு காப்பி எடுத்தாள், இரண்டுக்குத்தான் காசு வாங்கினேன்.

பையன் பைதான் லேபில் முதல் ஆளாக முடிக்கிறானாம். பிளஸ் டூ புத்தகத்திலேயே படித்ததுதான். அதற்காக இவ்வளவு பெருமை வேண்டாம் என்று சொன்னேன், எனக்கும் சேர்த்து.

ஆகஸ்ட் 8

மூன்றாம் சுற்று திறந்தது. விரும்பும் கல்லூரிகளை வரிசையாகப் போட மூன்று நாள். இந்த மூன்று நாளும் கடையில் என் வேதம் ஒன்றே: கால் வைக்க மாட்டீர்கள் என்றால் அந்தக் கல்லூரியைப் பட்டியலில் போடாதீர்கள். வரிசைதான் எல்லாம். மேலே இருப்பது கிடைக்காவிட்டால் கீழே இருப்பது கிடைக்கும், போட்டது நீங்கள்தான். முப்பது கல்லூரி போட வந்தவர்களைப் பன்னிரண்டுக்கு இறக்கி அனுப்பினேன்.

ராத்திரி கடையைச் சாத்திவிட்டு எங்களுடையதைப் போட உட்கார்ந்தோம். தேர்ச்சிப் பட்டியலில் உருப்படியாக இருந்து, போய்வர முடிகிற நான்கு. சி.எஸ்.இ., ஐ.டி. இரண்டும். பூட்டப் போகும்போது வீட்டுக்காரி வந்தாள். "அரைமணி நேர பஸ்ஸுன்னீங்களே, அதையும் கடைசில போட்டு வைங்க. ஒண்ணும் வராம போயிடக் கூடாதில்ல?"

பையன் என்னைப் பார்த்தான். நான் ஐந்தாவதாகச் சேர்த்தேன்.

ஆகஸ்ட் 11

தற்காலிக ஒதுக்கீடு. ஐந்தாவது. நீரூற்றுக் கல்லூரி, சி.எஸ்.இ.

காலையில் இருந்து சாப்பிடவில்லை. மூன்று நாளாக ஊருக்கே சொன்னதை நானே கேட்கவில்லை. அந்த ஒரு வரியைப் போடாமல் இருந்திருந்தால் இன்று வெறும் ஏமாற்றத்தோடு முடிந்திருக்கும். இப்போது கையில் ஒரு சீட்டு இருக்கிறது, வேண்டாம் என்று நாங்களே சொல்ல வேண்டும். வந்ததை வேண்டாம் என்பதற்குத்தான் நெஞ்சு வேண்டியிருக்கிறது. வீட்டுக்காரி, "கவர்ன்மென்ட் கோட்டாவுல வந்த சீட்டு, சி.எஸ்.இ. வேற" என்று இரண்டு தடவை சொன்னாள். அதன் பிறகு ஒன்றும் சொல்லவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

தேர்ச்சிப் பட்டியலை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். கல்லூரிப் பெயருக்கு நேரே விரலை வைத்துப் படித்தாள். "இவ்ளோதானா?" என்றாள்.

ஆகஸ்ட் 12

சாயங்காலம் பையன் காலேஜ் விட்டு நேராகக் கடைக்கு வந்தான். என் நாற்காலியில் உட்கார்ந்து அவனே லாகின் போட்டான். கீழே இருந்த 'வேண்டாம்' வரியைத் தேர்ந்தெடுத்தான். ஓ.டி.பி. என் போனுக்கு வந்தது. ஆறு எண்ணையும் படித்துச் சொன்னேன், நாலாவது எண்ணில் நின்று மறுபடியும் முதலில் இருந்து படிக்க வேண்டியதாயிற்று.

"நைனா, வியாழக்கிழமை இன்டர்னல். நோட்ஸ் நாப்பத்தஞ்சு பக்கம், ரெண்டு பக்கமும் போட்டுக் குடு."

டோனர் தீர்ந்துகொண்டிருந்தது. கடைசி ஏழு பக்கம் வெளிறித்தான் வந்தது, நாளைக்குப் புதுசு மாற்றித் தருகிறேன் என்றேன்.