எங்கள் தெரு ஆட்டோ

நாற்பது வயது தாண்டியவர்கள் லைசென்ஸ் புதுப்பிக்கப் படிவம் 1ஏ-வில் டாக்டர் கையெழுத்து வேண்டும். கடலூர் மஞ்சக்குப்பத்தில் கிளினிக் தொடங்கிய புதிதில் இரண்டே நிமிடத்தில் போட்டுக் கொடுத்திருக்கிறேன். கண் தெரிகிறதா, காது கேட்கிறதா, சரி, போய் வாங்க. 55 வயதுக்கு மேல் அந்தப் புதுப்பிப்பு ஐந்து வருஷம் செல்லும் என்பதை அப்போது யோசித்ததில்லை.

பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தள்ளி நிற்கும் காரின் நம்பர் தெரிகிறதா என்று படிவம் கேட்கிறது. என் வாசலிலிருந்து எதிர் டீக்கடை ஏறக்குறைய அந்தத் தூரம். 72 வயதுப் பெரியவர் ஒருவரிடம் அங்கே நின்ற ஆட்டோவைக் காட்டினேன். டிஎன் 31 தொடங்கி ஓர் எழுத்துப் பிசகவில்லை. நான் பேனாவைத் திறக்க, கூட வந்த அவர் மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அது எங்க தெரு ஆட்டோ டாக்டர். மனப்பாடமா சொல்றாரு."

பக்கத்து வண்டியைக் காட்டினேன். திணறிவிட்டார். இரண்டு கண்ணிலும் புரை.

சரி, உட்காருங்க ஐயா என்று ஆரம்பித்தேன். பின்னாலிருந்து கூப்பிட்டால் கழுத்து திரும்பவில்லை, இடுப்போடு திரும்பினார். மொபெட்டின் இரண்டு கண்ணாடியையும் சந்தையில் இடிக்கிறதென்று கழற்றிவிட்டாராம். காலையில் சர்க்கரை மாத்திரை, சாப்பாடு பதினோரு மணிக்கு. நடுவில் சர்க்கரை இறங்கிக் கை நடுங்கி வியர்ப்பதை வெயில் என்று நினைத்திருக்கிறார். தூக்கத்துக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் சளி மாத்திரை வேறு. அதன் மந்தம் மறுநாள் காலையிலும் விட்டுப்போகாது.

கையெழுத்து இல்லை என்று சொல்வது எனக்குச் சுலபம். "வண்டி நின்னா வீட்ல என்னய்யா நிக்கும்?" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை, மனைவியின் கால் கட்டைப் பார்த்தார். ஒருநாள் விட்டு ஒருநாள் அந்தப் புண்ணுக்குக் கட்டு மாற்ற மொபெட்டில்தான் கூட்டிப்போகிறார். பிள்ளைகள் சென்னையில்.

அப்புறம் வேலை அவரைவிட அந்த அம்மாவுக்குத்தான் அதிகம் நடந்தது. கட்டு மாற்ற வீட்டுக்கே ஒரு நர்ஸ் ஏற்பாடானார். இருவருக்குமான மாத்திரைகளுக்கு, வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் அரசுத் திட்டமான, 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பதியச் சொன்னேன். சளி மாத்திரையை நிறுத்தி, சாப்பாட்டு நேரத்தை முன்னுக்குக் கொண்டுவந்தோம்.

ஒரு கண் ஆபரேஷன் முடிந்து போன வாரம் வந்தார். டீக்கடையில் நின்ற லாரியின் நம்பரைக் கேட்காமலே படித்துக் காட்டினார். மொபெட்டில் கண்ணாடி மாட்டியாச்சா என்றேன். வலது பக்கம் மட்டும் மாட்டியிருக்கிறாராம். படிவம் இன்னும் என் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது.