முழுக்கை சட்டை

கத்திரி வெயில் கொளுத்திய ஒரு மே மாதத்தில், தகர ஷீட் போட்ட எங்கள் வீட்டில், தம்பி முழுக்கை சட்டையைக் கழற்றாமலே திரிந்தான். "தொரைக்கு இப்போ இதுதான் ஸ்டைலாம்" என்று அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன். ஒருநாள் அவன் தூங்கும்போது கையைத் திருப்பிப் பார்த்தேன். முழங்கை மடிப்பில் நரம்பு கறுத்து, கயிறு போலத் தடித்துக் கிடந்தது.

வடசென்னை வியாசர்பாடியில் வளர்ந்தவளுக்குக் கஞ்சா வாசனை தெரியும். இது வேறு. டேபென்டடால் என்ற வலி மாத்திரை, அபின் போல வேலை செய்யும் ஓபியாய்டு வகை. மருந்துச் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாதது. அதைத்தான் ஊசியில் ஏற்றிக்கொண்டிருந்தான். மாத்திரையில் மருந்தோடு சேர்த்திருக்கும் மாவு ரத்தத்தில் கரையாது, போய் நரம்பை அடைக்கும் என்பதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

முதலில் செய்ததெல்லாம் தப்பு. அடித்தேன். பூட்டி வைத்தோம். அம்மா ஒரு குணமளிக்கும் கூட்டத்துக்குக் கூட்டிப்போனாள். எண்ணெய் பூசி, பிசாசு போய்விட்டது என்றார்கள். மூன்றாம் நாள் அம்மாவின் கம்மலும் போய்விட்டது. அப்புறம் ஒரு தனியார் மறுவாழ்வு மையம். நாலு பேர் வேனில் வந்து தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். இரண்டு மாதம் கழித்து முதுகில் தழும்போடு திரும்பினான். அந்த மாதிரி இடங்கள் 2017 மனநலச் சட்டப்படி மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றைக் காட்டுங்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. வந்த வாரமே பழைய அளவைப் போட்டுக்கொண்டான். இரண்டு மாத இடைவெளியில் உடம்பின் தாங்கும் சக்தி குறைந்திருக்கும், பழைய அளவே ஆளைக் கொல்லும். உதடு நீலமாகிக் கிடந்தவனை 108 வந்து தூக்கிப்போய்ப் பிழைக்க வைத்தார்கள்.

அதற்குள் அடுத்த மே வந்துவிட்டது. கத்தோலிக்கர்களுக்கு அது மாதா வணக்க மாதம். அக்கம்பக்கத்துப் பங்குக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் குழுவை அன்பியம் என்போம். எங்கள் அன்பியத்தில் இருபது, முப்பது குடும்பம் இருக்கும். மாதா சுரூபம் வீடு வீடாக வரும். எங்கள் வீட்டுக்கு வந்த அன்று ஜெபமாலை முடிந்து மன்றாட்டு தொடங்கியது. வழக்கம்போல உலக சமாதானத்துக்காக, மழைக்காக, துபாயில் இருக்கும் மருமகனுக்காக. என் முறை வந்தது.

"என் தம்பி ஊசி போட்டுக்கிறான். அவனுக்காக."

"எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று உடனே வர வேண்டிய பதில் வரவில்லை. ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு யாரோ ஒரு பாட்டி தனியாகச் சொன்னார். சுண்டல் கொடுத்தபோது ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் பாத்திரம் கழுவப் பின்பக்கம் போனேன், அடுத்த தெரு அக்கா கூடவே வந்து, "எம் புள்ளையும்தான்" என்றார். அந்த வாரம் முடிவதற்குள் எங்களோடு சேர்த்து ஐந்து வீடு.

பங்குத்தந்தையிடம் போனோம். "பூசையில நான் வேண்டிக்கிறேன். நீங்க டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க" என்றார். இதை முதலிலேயே யாராவது சொல்லியிருந்தால் கம்மலாவது மிஞ்சியிருக்கும். சமூகப்பணி படித்த கன்னியாஸ்திரி சிஸ்டர் ஒருவர் ஐந்து வீட்டுக்கும் வந்தார். ஒரு பையன் மேல் கஞ்சா பொட்டலம் வைத்திருந்த கேஸ் இருந்தது. 1985 போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவை அவனுடைய அப்பாவுக்கு விளக்கியவர் சிஸ்டர்தான். பழக்கத்துக்கு அடிமையான ஒருவர், சிறிய அளவு பிடிபட்ட வழக்கில், தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சையை முடித்தால் வழக்கிலிருந்து விலக்குப் பெற வழி இருக்கிறது. பாதியில் விட்டால் விலக்கும் போகும்.

சென்னையில் ஒருவனைத் திட்ட வேண்டுமென்றால் "கீழ்ப்பாக்கம் கேஸு" என்பார்கள். அதனாலேயே அம்மா அங்கிருக்கும் அரசு மனநலக் காப்பகத்துக்கு வரமாட்டேன் என்றுவிட்டாள். துணைக்கு வந்தவர், ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபைத் தாத்தா, துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முந்தின இரவிலிருந்து எதுவும் எடுக்கக் கூடாது, உடம்பு கேட்க ஆரம்பித்த பிறகுதான் மருந்து கொடுக்க முடியும், அவசரப்பட்டால் இன்னும் மோசமாகும் என்று சிஸ்டர் சொல்லி அனுப்பியிருந்தார். ஓ.பி. வரிசையில் தம்பி விடாமல் கொட்டாவி விட்டான். மூக்கு ஒழுகியது. அந்த வெயிலில் கையெல்லாம் புல்லரித்திருந்தது. கால் தானாக உதைத்துக்கொண்டது. இரண்டு தடவை எழுந்து ஓடப் பார்த்தான். தாத்தா அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, அந்தக் காலத்தில் கிரேன் கொக்கியிலிருந்து மூட்டை விழுந்த கதையைச் சொல்லிக்கொண்டே இருந்தார். யாரும் கேட்கவில்லை. அவரும் நிறுத்தவில்லை.

ஊசிக்கு மாற்றாக, நாக்குக்கு அடியில் வைக்கும் புப்ரெனார்ஃபின் மாத்திரை கொடுத்தார்கள். முக்கால் மணி நேரம் போயிருக்கும். "அக்கா, பசிக்குது, இட்லி கெடைக்குமா?" என்றான். பசிக்குது என்று அவன் சொல்லிக் கேட்டு எத்தனை மாதம்!

எச்.ஐ.வி. பரிசோதிக்கும் அரசு நம்பிக்கை மையத்தில் ரத்தம் கொடுத்தோம். எச்.ஐ.வி. இல்லை. இன்னொரு பரிசோதனையில் ஹெபடைடிஸ் சி இருந்தது, கல்லீரலைத் தாக்கும் கிருமி. அரசுத் திட்டத்தில் மாத்திரை இலவசம், 84 நாள், ஒருநாள் கூட விடக் கூடாது. ஐந்து பையன்களும் மாலைப் பூசை மணிக்கு மறைக்கல்வி அறையில் கூடுவது, மாத்திரை இருக்கிறவன் எல்லார் முன்னாலும் போடுவது, பிறகு கேரம் என்று முடிவானது. இரண்டே வாரத்தில் எதிர்ப்பு வந்தது. நம்ம பிள்ளைகள் படிக்கிற அறையில் இவன்களா என்று சிலர் கேட்க, அறைக்குப் பூட்டு விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் சமாதானம் சொல்லிக் கைகூப்புகிறவர்கள்தான். எனக்கு அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. கேரம் போர்டு தாத்தா வீட்டு மொட்டை மாடிக்குப் போனது.

கிறிஸ்துமஸ் வாரம், கையில் சம்பளம் வந்த அன்று, தம்பி மறுபடி போட்டுக்கொண்டான். ஆனால் இந்தத் தடவை அவனே தாத்தாவிடம் போய்ச் சொன்னான். மறுநாள் காலை இருவரும் ஓ.பி.யில் இருந்தார்கள். 84 நாள் மாத்திரை முடிந்து மூன்று மாதம் கழித்து எடுத்த பரிசோதனையில் கிருமி இல்லை. புப்ரெனார்ஃபின் இன்னும் ஓடுகிறது. எப்போது நிறுத்துவான் என்று கேட்பவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். சர்க்கரை மாத்திரையை எப்போது நிறுத்துவீர்கள் என்று நான் திருப்பிக் கேட்கிறேன்.

அடுத்த தெரு அக்காவின் பையன் மட்டும் இரண்டாம் மாதத்தோடு நின்றுவிட்டான். எங்கே படுக்கிறான் என்றுகூடத் தெரியாது. அக்கா அன்பியக் கூட்டத்துக்குத் தவறாமல் வருகிறார். முன்பெல்லாம் "ஒரு கருத்துக்காக" என்று மட்டும் மன்றாடுவார். இப்போது பையனின் பெயரைச் சொல்கிறார். நாங்களும் உடனே பதில் சொல்கிறோம்.