வேலை மாறும்போது பென்ஷன் பணத்தை எடுத்துவிடாதீர்கள்

மன்னார்குடி பக்கமிருந்து சென்னை, திருப்பூர் கம்பெனிகளுக்குப் போயிருக்கிற தம்பி, தங்கைகளுக்கு.

மேட்டூர் திறந்து குறுவைச் செலவு வந்ததும், விட்டுவந்த கம்பெனியின் பிஎஃப் பணத்தை மொத்தமாக எடுத்து அப்பாவிடம் கொடுத்துவிடுகிறீர்கள். உங்கள் மனசு புரிகிறது. ஆனால் பிஎஃப்போடு சேர்ந்து வரும் பென்ஷன் பணத்தையும் எடுத்தால், அதுவரை செய்த சர்வீஸ் பென்ஷன் கணக்கில் சேராமல் போய்விடும். 10 வருஷ சர்வீஸ் இருந்தால்தான் 58 வயதில் மாதாமாதம் பென்ஷன்.

புதுக் கம்பெனியில் பழைய யுஏஎன் நம்பரையே (கம்பெனி மாறினாலும் மாறாத உங்கள் பிஎஃப் எண்) கொடுங்கள். அப்புறம், பழைய வேலையை விட்ட தேதி பிஎஃப் இணையதளத்தில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். இது விட்டுப்போய்தான் நிறைய பேர் அலைகிறார்கள். கம்பெனி போடாவிட்டால், கடைசி பிஎஃப் சந்தா விழுந்து இரண்டு மாதம் கழித்து, 'மேனேஜ்' பகுதியில் 'மார்க் எக்ஸிட்' போய் ஆதார் ஓடிபி வைத்து நீங்களே போடலாம்.

குறுவைக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் இருக்கிறது. முதலில் அங்கே கேளுங்கள்.