பாம்பன் பாலத்தைப் படம் எடுக்கணுமா? சாயந்திரம் போகாதீங்க

பாம்பன்ல சூரியன் மறையறதப் படம் எடுக்கச் சொல்றவங்க பேச்சைக் கேக்காதீங்க. ரயில் பாலத்தைப் பக்கத்துச் சாலைப் பாலத்துல நின்னுதான் எடுக்கணும், அந்த நேரத்துல அங்க முழுக்க செல்ஃபிக் கூட்டமும் ஹாரனும்தான். விடியறப்ப போனா நடைபாதை காலியா இருக்கும், வெளிச்சம் தீவுப் பக்கமிருந்து தூண் வரிசையோரமா சாஞ்சு விழும்.

கோயம்புத்தூர் சிங்காநல்லூர்ல ராத்திரி ஏழு மணிக்குள்ள மதுரை பஸ் ஏறிடுங்க, மதுரையில மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்குப் போய் ராமேஸ்வரம் பஸ்ல மாறுங்க, பாம்பன்லயே இறங்கிக்கலாம். ராமேஸ்வரம் வரைக்கும் போய் ஆட்டோ பிடிச்சுத் திரும்பறது வெட்டிச் செலவு. ஆட்டோக்காரங்க கோயில், தனுஷ்கோடின்னு மொத்தமா ஒரு ரேட் பேசிட்டு, பாலத்துல "அஞ்சு நிமிசம் சார்"ம்பாங்க. அஞ்சு நிமிசத்துல கேமரா முக்காலியக்கூட விரிக்க முடியாது.

ஈரோட்டுக் காவிரி மாதிரி ஒரே பக்கமா ஓடற தண்ணி இல்லீங்க இது. கடல் ஏறி வத்தற அளவு ஒரு மீட்டருக்கும் கம்மிதான், ஆனா தூணுக்கு நடுவுல இழுப்பு பலமா இருக்கும். கடல் ஏறி வத்தற நேரம் போட்டிருக்கற ஓத அட்டவணையப் பார்த்து, காலையில வத்தற நாளாத் தேர்ந்தெடுங்க. அமாவாசை, பௌர்ணமிய ஒட்டி நல்லா வத்தும். அப்பத்தான் தூணோட அடியில கொட்டலசு (கல்லுல ஒட்டி வளர்ற ஓட்டு உயிரி) அப்பின கருப்புப் பட்டையும், கால்வாய்ப் பாறையும் வெளிய தெரியும். இந்தப் படத்துக்கு உயிரே அந்தப் பட்டைதான்.

தண்ணிய வழவழன்னு காட்டணும்னு 10 ஸ்டாப் என்டி ஃபில்டருக்கு (வெளிச்சத்தைக் குறைக்கற கருப்புக் கண்ணாடி, ஒவ்வொரு ஸ்டாப்பும் பாதியாக்கும்) காசக் கொட்டாதீங்க. 1/60 விநாடி ஷட்டர் அதுல 17 விநாடி ஆயிடும். அதுக்குள்ள ஒரு லாரி வந்தாப் பாலமே அதிரும், படம் ரெட்டையாத் தெரியும். நங்கூரம் போட்ட படகும் ஆடிக் கலங்கிடும். 6 ஸ்டாப் போதும், ஒரு விநாடியில நீரோட்டக் கோடு அழகா வந்துடும். முக்காலியோட நடுத்தண்டத் தூக்காதீங்க. பையத் தொங்கவிட்டா காத்துல ஊசலாடி இன்னும் கெடுக்கும்.

1914ல திறந்த பழைய பாலத்துல 2022 டிசம்பரோட ரயில் நின்னுபோச்சு. இப்ப ஓடறது 2025 ஏப்ரல்ல திறந்த புதுப் பாலத்துல. பழசு ரெண்டு கையா மேல விரியற ஷெர்சர் வகைத் தூக்குப்பாலம், ஆளுங்க கையாலேயே திறந்தது. புதுசுல 72.5 மீட்டர் துண்டு அப்படியே 17 மீட்டர் மேல போகுது. பழசு இன்னும் நிக்குதுன்னா, 135 மிமீ பக்கம் ஜூம் வெச்சு ரெண்டையும் ஒரே ஃப்ரேம்ல அடக்குங்க. ஓடற ரயிலுக்கு ஷட்டர் 1/500 விநாடி, லென்ஸ் துளை எஃப் 8. பழசுக்கு மட்டும் முக்கியத்துவம் குடுத்துப் புதுசை வெட்டறவங்க பாதிக் கதைய விட்டுடறாங்க.

ட்ரோன் வேண்டாம், உச்சிப்புளியில கடற்படை விமானதளம் இருக்குது. சென்னிமலைத் துண்டு ரெண்டு எடுத்துக்குங்க, உப்புச்சாரல் நிமிசத்துக்கு நிமிசம் லென்ஸ்ல படியும். உலர்ந்த துணியில அழுத்தித் தேய்க்காம, லேசா நனைச்சு ஒத்தி எடுங்க. ஊர் திரும்பினதும் முக்காலிக் காலை நல்ல தண்ணியில கழுவலைன்னா ஒரே மாசத்துல திருகு இறுகிப் போயிடும்.