நிலுவை இல்லை

கூட்டுறவுக் கடன் சங்கத்தில் செயலாளராக இருப்பவனுக்குச் சாவு முதலில் காகிதமாகத்தான் வரும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, ஆதார் நகல், மடங்கிப்போன பாஸ்புக். கொண்டுவருபவர் மகனாகவோ மருமகளாகவோ இருப்பார். "அப்பாவுக்கு எவ்வளவு பாக்கி இருக்குங்க?" என்பதுதான் முதல் கேள்வி. பாக்கி இருக்கும். எதுவும் வைக்காமல் போனவர் என்று யோசித்தால் எனக்கு ஞாபகம் வருவது ஒரு பெரியவர்தான்.

எங்கள் சங்கம் அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடத்தின் வடகரையில். ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா கோவில் பக்கம். 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் தங்கிப் பணி செய்த ஊர் அது. சுற்றுப்பட்டில் தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கக் குடியானவர்கள் உண்டு. உறுப்பினர் பதிவேட்டைத் திறந்தால் ஆரோக்கியசாமி, சவரிமுத்து, அந்தோணிசாமி என்று பக்கம் பக்கமாகப் போகும். அப்பா பெயரைப் பார்க்காமல் ஆளைப் பிரிக்க முடியாது. பெரியவரும் அந்தப் பக்கங்களில் ஒருவர். இரண்டு ஏக்கருக்குக் கொஞ்சம் மேலே நிலம், புள்ளம்பாடி வாய்க்கால் தண்ணீர். ஆகஸ்ட் 1 திறந்து டிசம்பர் 15 வரை 137 நாள் விடுவார்கள் என்பது அரசாங்கக் கணக்கு. கடைமடைக்கு வந்து சேர்வது வேறு கணக்கு.

சங்கத்துக்கு அவர் வருவது பெரும்பாலும் புதன்கிழமை, காலைப் பூசை முடிந்து நேராக. புதன் சேசுவின் வளர்ப்புத் தந்தை சூசையப்பருக்கு உரிய நாள். நல்ல மரணம் வேண்டுமென்று அவரிடம்தான் மன்றாடுவார்கள் என்று பெரியவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சேசுவும் மாதாவும் பக்கத்தில் இருக்கச் செத்தவராம். "அதவிட வேற என்ன தம்பி வேணும்?" என்பார், உர விலை கேட்கிற அதே குரலில்.

கடன் மனுவை நீட்டினால் மற்றவர்கள் பிள்ளையார் சுழி போடும் இடத்தில் அவர் சின்னதாக ஒரு சிலுவை போடுவார். தணிக்கைக்கு வந்தவர் ஒருமுறை அதைப் பார்த்துவிட்டு, "இது என்ன கூட்டல் குறி, எதைக் கூட்டணும்?" என்று கேட்டார். விளக்கிச் சொன்னதும் சிரித்துக்கொண்டே டிக் அடித்தார்.

கையெழுத்தில் பிரச்சினை இல்லை, விரலில்தான் பிரச்சினை. மானிய உரம் வாங்க ஆதார் எண்ணைத் தட்டி, கைரேகைக் கருவியில் விரல் வைக்க வேண்டும். மண்வெட்டிக் காம்பு அவர் ரேகையை என்றைக்கோ தேய்த்துவிட்டது. கட்டைவிரலைத் துண்டில் துடைப்பார், ஊதுவார், அழுத்துவார். கருவி ஒத்துக்கொள்ளாது. ஆள்காட்டி விரல், நடுவிரல் என்று பத்து விரலும் ஒரு சுற்று வரும். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். கடைசியில் மருமகள் வந்து வைத்தால் ஒரே தொடலில் பச்சை விளக்கு. நாற்பது ஐம்பது வருடம் நாற்று நட்டவரை விவசாயி இல்லை என்று சொல்லும் ஒரு கருவியை எங்கள் மேசையில்தான் வைத்திருந்தோம்.

2021-ஐச் சொல்லாமல் முடியாது. அந்த ஜனவரியில் அறுக்கிற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. சம்பா சாய்ந்து, கதிரிலேயே முளை விட்டது. பெரியவருக்குத் தவணை அந்த மாதம். எங்களிடம் பயிர்க்கடனை நாள் தவறாமல் கட்டினால் வட்டி கிடையாது, தவறினால் உண்டு. அவர் கறவை மாட்டைக் கன்றோடு விற்றுப் பணத்தைக் கொண்டுவந்து கட்டிவிட்டார். பிப்ரவரி 5-ஆம் தேதி சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்தது: கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாய் தள்ளுபடி, பயன்பெறுவோர் 16 லட்சத்துக்கும் மேல். ஜனவரி 31 அன்று நிலுவையில் இருந்த கடனுக்கு மட்டும்.

அந்த வாரம் சங்கத்தில் உட்கார முடியவில்லை. ஒழுங்காகக் கட்டியவர்கள் வந்து கத்தினார்கள். அவர்கள் கோபத்தில் தப்பே இல்லை. கட்டுங்கள் கட்டுங்கள் என்று வீடு வீடாகப் போய் நின்றது நாங்கள்தானே. தள்ளுபடி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மழையில் அழுகிய வயலைப் பார்த்தவன் சொல்ல மாட்டான். ஆனால் ஒவ்வொரு தள்ளுபடியும் நாணயமானவனைப் பார்த்துச் சிரிக்கிறது. அதற்கு என்ன வழி என்று இன்றைக்கும் யாரும் எனக்குச் சொன்னதில்லை.

பெரியவர் அடுத்த புதன்கிழமை வந்தார். நானே பேச்சை எடுத்தேன். "மாட்ட வித்துட்டீங்களே ஐயா" என்றேன். "பால் காசு போச்சுதான்" என்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "கட்டுன அன்னிக்கு ராத்திரி நல்லாத் தூங்குனேன் தம்பி. அதை யாரும் திருப்பி வாங்க முடியாதுல்ல" என்று சொல்லிவிட்டு டிஏபி உரம் வந்துவிட்டதா என்று கேட்டார். எனக்கு அவர் அளவுக்கு மனசு ஆறவில்லை.

ஒரு வருடம் ஆடி மாதம் வந்து, "இந்தப் போகத்துக்கு என் பேர்ல கடன் வேண்டாம்" என்றார். எனக்கோ கடன் வழங்கும் இலக்கு எட்டவில்லை. வட்டியில்லாத பணம், ஏன் விடுகிறீர்கள் என்று வற்புறுத்திப் பார்த்தேன். மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார். "கட்டுறதுக்கு நான் இருக்கணும்ல" என்றார். அதில் சோகம் எதுவும் இல்லை. விதை நெல்லைத் தனியாக எடுத்து வைப்பதுபோல் தன் சாவையும் முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

ஐப்பசியில் படுத்துவிட்டார். பங்குச் சாமியார் வந்து அவஸ்தை, அதாவது சாகக் கிடப்பவருக்கு எண்ணெய் பூசிச் செய்யும் சடங்கு, கொடுத்துவிட்டார் என்று ஊரில் சொன்னார்கள். பார்க்கப் போனேன். கையில் செபமாலை; மாலை நேரமாதலால் பெண்கள் சுற்றி உட்கார்ந்து அருள்நிறை மரியே சொல்லிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும், "நடவு முடிஞ்சிருச்சு. யூரியா வந்தா மவன்கிட்ட சொல்லு" என்றார். இரண்டு நாளில் துக்க மணி அடித்தது.

அடக்கத்தன்று விடாத தூறல். கல்லறைத் தோட்டத்தில் குழிக்குள் ஊற்று எடுத்துவிட்டது. அவரோடு வாய்க்கால் வெட்டிய ஆட்களே வாளியால் இறைத்தார்கள். சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்து முடித்ததும் ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டோம். மண் என்றா சொல்வது, சேறு.

முப்பதாம் நாள் பூசை முடிந்து மகன் பாஸ்புக்கோடு வந்தார். அட்டைக்குள் ஒரு காலண்டர் தாள். தலையில் சிலுவை. கீழே: டிராக்டர் உழவு 2 மணி நேரம் பாக்கி. நாற்று பறித்த 3 பேர் கூலி. கோவிலுக்கு நேர்ச்சை நெல் 1 மூட்டை. அவள் (இறந்த மனைவி) பேருக்குப் பூசை 1. சங்கம், இல்லை.

இவ்வளவு கறாரான மனிதர் பட்டாவை மட்டும் தன் அப்பா பெயரிலேயே விட்டுவைத்திருந்தார். பெரியவருக்கு மகன்கள் இருவர், ஒரு மகள். மகள் வடக்கே ஒரு மடத்தில் கன்னியர். 1925-ஆம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி கிறிஸ்தவக் குடும்பத்தில் மகனுக்கும் மகளுக்கும் ஒரே பங்கு. மடத்தில் இருக்கிறார் என்று வாரிசுச் சான்றில் பெயரை விட முடியாது. "எனக்கு எதுக்குண்ணே நிலம்" என்று போனில் சொன்னாராம். அது சார்பதிவாளருக்குப் போதாது. மகள் விடுப்பு எடுத்து வந்து, தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு, அப்புறம் பட்டா மாற்றத்துக்கு அலைந்து முடிப்பதற்குள் ஒரு போகம் கடனில்லாமல் போய்விட்டது.

மகன் இப்போது எங்கள் உறுப்பினர். தவணை சில சமயம் தப்புகிறது. தேர்தல் வந்தால் தள்ளுபடி இருக்குமா என்று கேட்கிறார். அவரிடம் இல்லை என்றும் சொல்ல முடியவில்லை, இருக்கும் என்றும் சொல்ல முடியவில்லை.